பயாஸ் அப்டேட்: திரை கறுத்தால் போர்டு போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வாங்கிய பி450 மதர்போர்டு, அதில் ரைசன் 5 2600. இப்போது ரைசன் 5 5600 வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்பிளே வரவில்லை. பழையதைத் திரும்ப மாட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. கடைக்காரர் "புராசஸர் டெட்" என்கிறார். நண்பர் "பயாஸை (போர்டை எழுப்பும் அடிப்படை நிரலை) அப்டேட் பண்ணு" என்கிறார். இன்னொருவர் "பாதியில் கரண்ட் போனால் போர்டே காலி, கை வைக்காதே" என்கிறார். போதாக்குறைக்குத் தங்கையின் லேப்டாப் தானாகவே பயாஸ் அப்டேட் ஆகி, இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. புராசஸர் செத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. லேப்டாப்பும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அதில் அவசரப்பட்டு எதையாவது அழுத்தினால் தங்கையின் கோப்புகள் போய்விடும். அதனால் லேப்டாப்பை முதலில் பார்த்துவிடுவோம்.

நீலத் திரை கேட்பது பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டின் மீட்பு எண். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. பூட்டின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. மெஷின் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிப், நேற்று ஓடிய அதே பயாஸ்தானா, நம்பகமான நிரலை மட்டும் கிளம்பவிடும் 'செக்யூர் பூட்' அதே நிலையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கும். பயாஸ் மாறினால், "ஆள் மாறிவிட்டது" என்று கையை விரித்துவிடும். வேலையைத்தான் செய்கிறது, பாவம்.

அந்தத் திரையிலேயே 'கீ ஐடி' என்று ஒரு எண் தெரியும். முதல் 8 எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு ஃபோனில் தங்கையின் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்பு எண்களைத் தேடினால், அதே ஐடிக்கு நேராக 48 இலக்கங்கள் இருக்கும். இல்லையென்றால், லேப்டாப்பை முதன்முதலில் யார் திறந்து கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். கடைப் பையனா, மாமாவா, கல்லூரியில் கொடுத்த மின்னஞ்சலா? எண் அந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். இப்படித் தேடியே பல பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை அது, சொந்தக்காரப் பையன் ஒருவன் எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கில் இருந்தது.

எங்கேயும் கிடைக்கவில்லையா? பயாஸுக்குள் போய் செக்யூர் பூட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் அதை அணைத்திருந்தால், திரும்பப் போட்டதுமே பூட்டு திறந்துகொள்ளக்கூடும். உற்பத்தியாளர் அனுமதித்தால் பழைய பயாஸுக்குத் திரும்புவதும் பல நேரம் பலிக்கும். ஆனால் டிபிஎம்மை 'கிளியர்' செய்ய வேண்டாம். விண்டோஸ் 'ரீசெட்' பக்கமும் போக வேண்டாம். "ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், ஆமாம், சரியாகிவிடும், கோப்புகள் மட்டும் இருக்காது. அடுத்த முறை பயாஸ் அப்டேட்டுக்கு முன்னால் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்துவிட்டால் இந்தத் தலைவலியே வராது.

சரி, உங்கள் டெஸ்க்டாப்புக்கு வருவோம்.

பவர் பட்டனை அமுக்கியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸ் இல்லை. போர்டில் துவரம்பருப்பை விடக் கொஞ்சம் பெரிதாக, எட்டுக் காலோடு ஒரு சிப் இருக்கும். அதில் உள்ள நிரல்தான் புராசஸரை எழுப்பி, ரேமைப் பழக்கி, கிராபிக்ஸ் கார்டைத் தேடி, கடைசியில் டிஸ்கைக் கண்டுபிடித்து விண்டோஸிடம் ஒப்படைக்கிறது. கேரி கில்டால் 1970-களில் தன் சிபி/எம் இயங்குதளத்தில் வைத்த 'பயாஸ்' என்ற பெயர்தான் 1981-ல் வந்த ஐபிஎம் பிசி வழியாக உலகம் முழுக்கப் பரவியது. இன்று உள்ளே ஓடுவது அதன் வாரிசான யூஇஎஃப்ஐ. பெயர் மட்டும் மாறவில்லை.

2019-ல் உங்கள் போர்டு தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது 5600 என்ற புராசஸரே கிடையாது. அது 2022-ல் வந்தது. முன்பின் தெரியாத ஆளை பயாஸால் எழுப்ப முடியாது. அதனால்தான் ஃபேன் சுற்றியும் படம் வரவில்லை. பழைய 2600-ஐப் போட்டதும் ஓடுகிறதே, அதுவே பெரிய சான்று. ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை மூன்றின் மேலும் இருந்த சந்தேகம் தீர்ந்தது.

இந்த பி450 போர்டுகளுக்கு ஒரு சின்னக் கதை உண்டு. அவற்றில் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு வெறும் 16 எம்பி. உங்கள் போர்டில் உள்ள ஏஎம்4 சாக்கெட்டுக்கு வந்த அத்தனை தலைமுறைப் புராசஸர்களையும் அதற்குள் அடைக்க இடம் போதவில்லை. ஜென் 3 புராசஸர்கள் (உங்கள் 5600-ம் இந்தத் தலைமுறைதான்) பி450 உள்ளிட்ட 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது. பயனர்கள் போட்ட கூச்சலில் அதே மாதமே இறங்கி வந்தது. ஆனால் இடம் பண்ண வேண்டுமே! சில போர்டுகளில் பழைய புராசஸர்களுக்கான ஆதரவைக் கழற்றினார்கள், சிலவற்றில் வண்ணமயமான மெனுவை எடுத்துவிட்டு எளிமையான மெனுவை வைத்தார்கள். அப்டேட் முடிந்ததும் உங்கள் பயாஸ் மெனு பழைய காலத்து நீலத் திரை மாதிரி ஆகிவிட்டால் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இனி வேலை. 2600-ஐ மாட்டியே வைத்திருங்கள். அப்டேட் செய்ய அதுதான் வேண்டும். விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்தால் போர்டின் பெயர், இப்போதைய பயாஸ் எண், தேதி மூன்றும் கிடைக்கும். ஆனால் அதோடு நிறுத்தாமல் கேபினெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, போர்டின் மேல் அச்சாகியிருப்பதையும் படியுங்கள். ஒரே பெயரில் 'வி2' என்று ஒட்டிக்கொண்டு ஒரு போர்டு இருக்கும், 'மேக்ஸ்' என்று ஒன்று இருக்கும், மூலையில் பொடி எழுத்தில் ரிவிஷன் 1.0, 2.0 என்று வேறுபடும். பயாஸ் கோப்பும் அதற்கேற்ப வேறுபடும்.

தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போய், 'சிபியு சப்போர்ட்' பட்டியலில் 5600-க்கு நேரே எந்த பயாஸ் எண்ணிலிருந்து ஆதரவு என்று பாருங்கள். அதற்குப் பிந்தைய, பீட்டா இல்லாத பதிப்பை எடுங்கள். ஒவ்வொரு பதிப்பின் கீழும் இரண்டு வரிக் குறிப்பு இருக்கும். யாரும் படிப்பதில்லை. "இதற்கு முன் இன்ன பதிப்பைப் போட்டிருக்க வேண்டும்", "இதைப் போட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது" என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். 2019-லிருந்து நேராகத் தாவுவதால் உங்களுக்கு இது முக்கியம்.

கோப்பை ஜிப்பிலிருந்து பிரித்து, எஃப்ஏடி32-ல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போடுங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய், அதிலேயே உள்ள அப்டேட் கருவியில் கோப்பைக் காட்டுங்கள். அதற்கு எம்-ஃபிளாஷ், க்யூ-ஃபிளாஷ், ஈசி ஃபிளாஷ், இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள் இருந்தபடி அப்டேட் செய்யும் மென்பொருளை நான் தொடுவதில்லை. ஆன்டிவைரஸ், பின்னணியில் ஓடும் வேறு பத்து நிரல்கள், நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகத் துடிக்கும் விண்டோஸ் அப்டேட், இவ்வளவையும் நம்பி எதற்கு இறங்க வேண்டும்? ரேமை வேகமாக ஓட வைக்கும் ஓவர்கிளாக்கோ எக்ஸ்எம்பியோ போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கரண்ட் பயத்தைப் பற்றி. ஃபிளாஷ் சிப்பில் எழுதுவதற்கு முன் அந்த இடத்தை அழிக்க வேண்டும். அழித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி நிரல்தான் மிஞ்சும். பயம் நியாயமானதுதான். ஆனால் ஆபத்தான நேரம் மொத்தம் இரண்டு மூன்று நிமிடம். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளையும் இடி மின்னல் நேரத்தையும் தவிர்த்தாலே பாதிக் கவலை போய்விடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அதை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளுங்கள். கரண்ட் போன பிறகு கம்ப்யூட்டரின் பவர் சப்ளை தன்னிடம் உள்ளதைக் கொண்டு 16, 17 மில்லி விநாடிதான் தாங்கும். ஃபேனுக்கும் விளக்குக்கும் வைத்த மோடில் இன்வெர்ட்டர் மாறிக்கொள்ள அதைவிட அதிக நேரம் எடுக்கும். விளக்கு ஒரு சிமிட்டலோடு தப்பிக்கும், கம்ப்யூட்டர் தப்பிக்காது.

இதைவிட ஒன்று சொல்கிறேன். என்னிடம் 'பயாஸ் போய்விட்டது' என்று வந்த போர்டுகளில் கரண்ட் போய்ச் செத்தவை மிகச் சில. காத்திருக்கப் பொறுக்காமல் பவர் பட்டனை அமுக்கிக் கொன்றவைதான் அதிகம். அப்டேட் 100 சதவீதம் என்று காட்டிவிட்டு மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் திரை கறுப்பாகவே இருக்கும். ஃபேன் வேகமெடுக்கும், நிற்கும், மறுபடி கிளம்பும். சில போர்டுகள் இப்படி இரண்டு மூன்று முறை செய்யும். ரேமைப் புதிதாகப் பழக்குகிறது, அவ்வளவுதான். உங்கள் டிடிஆர்4 போர்டில் இது சீக்கிரம் முடிந்துவிடும். டிடிஆர்5 ரேம் உள்ள புதிய ஏஎம்5 போர்டுகளில் பல நிமிடம் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருக்க வேண்டிவரும், வயிறு கலங்கும். ஒரு டீ போடப் போய்விடுங்கள். 20 நிமிடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

அந்த அடுத்த கட்டம், சிமாஸ் கிளியர், அதாவது பயாஸ் அமைப்புகளை அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். மேனுவலில் காட்டிய ஜம்பர் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டாலும் போதும். அப்படியே ஒரே ஒரு ரேம் மட்டும் வைத்துக் கிளப்பிப் பாருங்கள். போர்டு ஏழெட்டு வயதானது என்றால் அந்தப் பேட்டரியைப் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. தேதி தப்பாகி, பிரவுசரில் எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று சொல்ல ஆரம்பித்தால் பெரும்பாலும் குற்றவாளி இந்தப் பேட்டரிதான்.

படம் வந்துவிட்டதா? விண்டோஸுக்கு ஓடாதீர்கள். அப்டேட் உங்கள் அமைப்புகள் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பியிருக்கும். பயாஸுக்குள் போய் சாட்டா மோடு (டிஸ்கோடு போர்டு பேசும் முறை, ஏஎச்சிஐ அல்லது ரெய்டு) முன்பு இருந்ததுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎச்சிஐயில் போட்ட விண்டோஸ், ரெய்டுக்கு மாறிய போர்டில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை காட்டும். மக்கள் டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துப் புது டிஸ்க் வாங்கிவிடுகிறார்கள். பூட் வரிசையும் வெர்ச்சுவலைசேஷனும்கூட மாறியிருக்கும். அப்டேட்டுக்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

இப்போது 5600-ஐ மாட்டலாம். இங்கே ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்காமல் கூலரை இழுத்து அழுதவர்கள் நிறையப் பேர். ஏஎம்4-ல் ஊசிக் கால்கள் புராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் கூலரையும் புராசஸரையும் ஒட்ட வைத்திருக்கும். நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து புராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வரும், கால்கள் வளையும். மெஷினைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்த கையோடு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, வழுக்கி வரும்போது தூக்குங்கள்.

புதுப் புராசஸரோடு முதல் முறை கிளப்பும்போது, "புதிய சிபியு, எஃப்டிபிஎம் (புராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) மாறிவிட்டது, 'Y'-யா 'N'-ஆ" என்ற பொருளில் ஒரு கறுப்புத் திரை வரக்கூடும். 'Y' அமுக்கினால் டிபிஎம் அழியும். உங்கள் டிஸ்கில் பிட்லாக்கர் இருந்தால், தங்கைக்கு வந்த அதே கதைதான் உங்களுக்கும். எண் கையில் இல்லையென்றால் இப்போதைக்கு 'N' அமுக்கிவிட்டு, பழைய புராசஸரைப் போட்டு எண்ணை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிட்லாக்கரே இல்லையென்றால் 'Y' அமுக்குவதில் தப்பில்லை.

இதெல்லாம் செய்தும் அப்டேட் நடுவில் நிஜமாகவே நின்று, போர்டு பேச்சு மூச்சு இல்லாமல் போனால்? சில போர்டுகளில் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கும். புராசஸரோ ரேமோ இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸை எழுதிக்கொள்ளும். கோப்புக்கு மேனுவலில் சொன்ன பெயரை அட்சரம் பிசகாமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். லேப்டாப்புகளுக்கும் ரகசிய வழி உண்டு. எச்பியில் விண்டோஸ் கீயையும் பி-யையும் பிடித்தபடி பவர் பட்டனை அமுக்குவது, டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் பிடித்தபடி சார்ஜரைச் செருகுவது. எல்லா மாடலிலும் வேலை செய்யாது, ஆனால் காசு செலவில்லாத முயற்சி.

அதற்கும் மசியாவிட்டால் சிப்பில் நேரடியாக எழுத வேண்டும். சர்வீஸ் கடைகளில் 'பயாஸ் புரோகிராம் பண்ணுவது' என்று சொல்வது இதைத்தான். பக்கத்துத் தெரு ஆசிரியர் ஒருவரின் லேப்டாப்புக்கு, ஒரு கடையில் 'போர்டு மாற்ற வேண்டும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் சிஎச்341ஏ என்ற சின்னப் புரோகிராமரும், சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் இருந்தன. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிப்பின் மேல் புள்ளி இருக்கும் காலோடு கிளிப்பின் சிவப்பு ஒயரைப் பொருத்திப் படித்தேன். முதல் முறை ஒரு கோப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தால் வேறு கோப்பு. மூன்றாம் முறை இன்னொன்று. ஒரு காலில் கிளிப் சரியாக உட்காரவில்லை. கால்களைத் துடைத்து, கிளிப்பை அசைத்து அசைத்து வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே கோப்பு வந்த பிறகுதான் திறந்து பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய பகுதி முழுக்க வெறும் 'எஃப்எஃப்', அதாவது அழித்துவிட்டு எழுதாமல் விட்ட இடம். அப்டேட் நடுவில் மூடியை மூடியிருக்கிறார் மனிதர்.

இந்த இடத்தில் பல கடைகள் செய்யும் தப்பு, இணையத்தில் அதே மாடலின் முழுச் சிப் நகலை இறக்கி அப்படியே எழுதிவிடுவது. லேப்டாப் உயிர் பெறும், ஆனால் அடுத்தவருடைய சீரியல் எண்ணோடு. விண்டோஸ் உரிமச் சாவி, சில மாடல்களில் நெட்வொர்க் முகவரி எல்லாமே அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. நான் பழைய நகலில் சேதமான பகுதியை மட்டும் தயாரிப்பாளரின் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டி, மற்றதை அப்படியே விட்டேன். எழுதிய பிறகும் ஒருமுறை படித்து ஒப்பிட்டேன். ஒரு நிமிடம் போலக் கறுப்புத் திரை, அப்புறம் லோகோ. நீங்களும் இதில் இறங்கினால், சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ தன் சிக்னல் கால்களில் 5 வோல்ட்டை அனுப்பும் என்பது பழைய புகார். 1.8 வோல்ட் சிப்புக்கு அடாப்டர் இல்லாமல் அதை வைத்தால் அவ்வளவுதான்.

கடைசியாக, "ஓடுகிற பயாஸைத் தொடாதே" என்ற பேச்சு. அதற்குக் காரணம் இருந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் வேலையைக் காட்டியபோது பல போர்டுகளின் பயாஸை அழித்தது. நான் அந்தக் காலத்தில் அதே மாடல் போர்டு ஒன்றை ஓடவிட்டு, ஓடும்போதே அதன் சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் சொருகி எழுதியிருக்கிறேன். கை நடுங்கும். சிப் அப்போது சாக்கெட்டில் இருந்தது, இப்போது போர்டோடு பற்றவைத்தே வருகிறது.

ஆனால் அந்த அறிவுரை இன்று பாதிதான் சரி. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தன. அதற்கான திருத்தங்கள் 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் பயாஸ் அப்டேட்டாகத்தான் வந்தன. அதைப் போடாமல் இருப்பதுதான் அங்கே ஆபத்து. 2023-ல் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி புராசஸர்கள் சில கருகியபோதும், அவற்றின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டது பயாஸ்தான். 2011-ல் வழங்கிய செக்யூர் பூட் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதி. அதற்காக அன்றைக்கு மெஷின் கிளம்பாமல் போகாது. புதுச் சான்றிதழ் ஏறாதவற்றுக்குப் பூட் நிலைப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, சில மெஷின்களில் அது சரியாக ஏற பயாஸ் அப்டேட் தேவைப்படும். இப்படி ஒரு காரணம் எழுத்தில் இருந்தால் போடுங்கள். 'ஸ்டெபிலிட்டி கூட்டப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால், உங்கள் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதென்றால், நான் போடமாட்டேன்.

முதலில் லேப்டாப்புக்கு அந்த 48 இலக்கத்தைத் தேடுங்கள். டெஸ்க்டாப்புக்கு, போர்டின் முழுப் பெயர், ரிவிஷன், இப்போதைய பயாஸ் எண் மூன்றையும் எழுதினால் எந்தப் பதிப்புக்கு எந்த வழியாகப் போவது என்று பார்த்துச் சொல்கிறேன். 5600 இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும் வரை அந்த 2600-ஐ விற்றுவிடாதீர்கள்.